வழக்குத் தாள் பிரதிவாதியின் கைக்குப் போய்ச் சேரவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

சிங்கப்பூரில் ஒரு சட்ட அலுவலகத்தில் 19 ஆண்டுகள் வழக்குக் குமாஸ்தாவாக வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகும் தெரிந்தவர்கள் தாள்கட்டுடன் வீட்டுக்கு வருகிறார்கள். பெரும்பாலும் ஒரே கோளாறுதான். இணையத்தில் தங்கள் படைப்பைத் திருடியவர்மீது காப்புரிமை (காப்பிரைட்) வழக்குத் தொடுத்துவிட்டார்கள். ஆனால் அந்த வழக்குத் தாள் உரியவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. கெடுவோ நெருங்கிவிட்டது.

கடைசியாக வந்தவர் ஒரு துணைப்பாட ஆசிரியை. தொடக்கநிலை 6 மாணவர்களுக்காக 4 ஆண்டுகள் இரவெல்லாம் உட்கார்ந்து தயாரித்த தமிழ்ப் பயிற்சித்தாள்களை யாரோ ஸ்கேன் செய்து, டெலிகிராமில் கட்டு ஒன்று 8 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) விற்றுக்கொண்டிருந்தார்கள். கருத்தறிதல் பகுதியில் ஒரு பாத்திரத்துக்குத் தம் பாட்டியின் பெயரை அவர் வைத்திருந்தார். திருட்டுப் பிரதியில் அந்தப் பெயரும் மாறாமல் இருந்தது. அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. நான் மனுவின் மேல்பக்கத்தில் தேதியைப் பார்த்தேன். மனு செல்லுபடியாகும் 3 மாதம் முடிய 11 நாட்கள் இருந்தன. பிரதிவாதியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பயனர் பெயர் மட்டுமே இருந்தது.

அவரைப் போன்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் நிலைமைக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போகலாம். அடுத்து வரும் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில்: மூன்று தேதிகளை எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து மூன்று தேதிகளை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

முதல் தேதி, மனு செல்லுபடியாகும் கடைசி நாள். 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் நீதிமன்ற விதிகளின்படி, வழக்கு மனு 3 மாதங்களுக்குத்தான் செல்லும். பழைய விதிகளில் 6 மாதம் இருந்தது. அதையே மனத்தில் வைத்துக்கொண்டு நிதானமாக இருந்து ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மனு வழங்கப்பட்ட நாளும் கணக்கில் சேரும். மார்ச் 10 அன்று வழங்கப்பட்ட மனுவுக்கு ஜூன் 9 கடைசி நாள் என்று வையுங்கள். ஜூன் 10 என்று எண்ணாதீர்கள்.

இரண்டாவது, முயற்சி தொடங்கியிருக்க வேண்டிய நாள். பிரதிவாதி சிங்கப்பூரில் இருந்தால் மனு வழங்கப்பட்ட 14 நாட்களுக்குள்ளும், வெளிநாட்டில் இருந்தால் 28 நாட்களுக்குள்ளும், தாளைச் சேர்ப்பிக்க நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும். இந்த நாள் கடந்துவிட்டால் மனு உயிரிழந்துவிடாது. ஆனால் பின்னால் அவகாசம் கேட்டுப் போகும்போது, "இத்தனை நாள் என்ன செய்தீர்கள்?" என்ற கேள்வி இங்கிருந்துதான் தொடங்கும்.

மூன்றாவது, உரிமைமீறல் நடந்த நாளிலிருந்து 6 ஆண்டுகள் முடியும் நாள். காப்புரிமை வழக்குத் தொடுக்கும் காலவரம்பு அது. இந்தத் தேதி தொலைவில் இருந்தால் உங்களுக்கு மூச்சுவிட இடம் இருக்கிறது. பக்கத்தில் இருந்தால் கீழே உள்ள எதையும் நீங்களாகச் செய்து பார்க்க வேண்டாம். இன்றே வழக்கறிஞரைப் பாருங்கள்.

இன்னும் மனுவே போடாதவர் இதைப் படித்துக்கொண்டிருந்தால் அவரிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: முகவரி கையில் இல்லாமல் மனுவைப் பதிவு செய்யாதீர்கள். தாள்கட்டுடன் என் வீட்டுக்கு வந்தவர்களில் பலர் நாட்களை இழந்தது பிரதிவாதியைத் துரத்தியதில் இல்லை. அவர் யார், எங்கே இருக்கிறார் என்று தெரியாமலே நாளை எண்ணத் தொடங்கியதில்தான் இழந்தார்கள். தேடுகிற வேலையில் பெரும்பகுதியை மனு போடுவதற்கு முன்பே செய்ய முடியும். அப்போது எந்த 3 மாதமும் ஓடாது.

அறிகுறி 1: பிரதிவாதி யார் என்றே தெரியவில்லை, பயனர் பெயர் மட்டும் இருக்கிறது

பணம் போன தடத்தை முதலில் பாருங்கள். இதற்குச் செலவே இல்லை. திருடியவர் விற்கிறார் என்றால் பணம் எங்கோ போய்ச் சேருகிறது. ஆசிரியையின் மாணவர் ஒருவரின் அம்மா அந்தத் திருட்டுக் கட்டைத் தெரியாமல் வாங்கியிருந்தார். அவர் கைப்பேசியில் பேநவ் (கைப்பேசிவழிப் பணமாற்று) ரசீது இன்னும் இருந்தது. கைப்பேசி எண்ணுக்குப் பதிலாக, ஒரு வணிகப் பதிவெண்ணுக்குப் பணம் போயிருந்தது. அந்த எண்ணை கணக்கியல், நிறுவனக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் பிஸ்ஃபைல் தளத்தில் போட்டு, 5 வெள்ளி 50 காசு கட்டி வணிக விவரக்குறிப்பை எடுத்தோம். தனிநபர் வணிகம், உரிமையாளர் பெயர், முகவரி எல்லாம் வந்துவிட்டன. இரண்டரை மாதம் தேடியது 20 நிமிடத்தில் கிடைத்தது.

ரசீதில் தனிநபரின் பெயரோ கைப்பேசி எண்ணோ மட்டும் இருந்தாலும் அது வீண்போகாது. வங்கியிடமோ தொலைத்தொடர்பு நிறுவனத்திடமோ பின்னால் தகவல் கேட்கும்போது அதுதான் பிடிப்பு. பழைய விளம்பரங்கள், பொருள் அனுப்பிய உறையின் பின்பக்கம், குழுவில் அவர் முன்பு போட்ட செய்திகள் ஆகியவற்றையும் பாருங்கள். பார்ப்பதையெல்லாம் தேதி, நேரம் தெரியும்படி திரையைப் படம் பிடித்து வையுங்கள். நீங்கள் தேடுவது தெரிந்தால் கணக்கு மறைந்துவிடும்.

அங்கே எதுவும் கிடைக்கவில்லையா? தளத்துக்கு எழுதிக் கேட்கலாம். உள்ளடக்கத்தை அகற்றுவார்கள்; ஆனால் பயனரின் விவரத்தைப் பொதுவாக நீதிமன்ற ஆணை இல்லாமல் தரமாட்டார்கள். கேட்டதற்கும் மறுத்ததற்கும் எழுத்துச் சான்று இருப்பது பின்னால் உதவும் என்பதால், ஒரு கடிதம் அனுப்பிவிட்டு நகருங்கள்.

அதற்கு அடுத்த படி செலவு பிடிப்பது. தகவலை வைத்திருக்கும் மூன்றாம் தரப்பு, தீங்கு செய்தவரை அடையாளம் காட்ட வேண்டும் என்று நீதிமன்றத்திடம் ஆணை கேட்கலாம். வழக்குத் தொடுப்பதற்கு முன்பே இதைக் கேட்க விதிகள் இடம் தருகின்றன. சிங்கப்பூரில் இதன் பெயர்போன எடுத்துக்காட்டு 2007-08இல் நடந்தது. ஜப்பானிய அனிமே கேலிச்சித்திரப் படங்களைத் தரவிறக்கம் செய்தவர்களின் விவரத்தை ஓடெக்ஸ் நிறுவனம் பசிபிக் இண்டர்நெட்டிடம் கேட்டது. கீழ் நீதிமன்றம் மறுத்தது. கேட்பவருக்கு அந்தப் படைப்புகளின்மீது உரிய உரிமை இருக்கிறதா என்பதே அங்கே எழுந்த கேள்வி. பிறகு உண்மையான உரிமையாளர்களான ஜப்பானிய நிறுவனங்கள் வந்தபோது, 2008 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தகவலைக் கொடுக்கச் சொன்னது. இதிலிருந்து நீங்கள் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. உரிமை உங்கள் பெயரில்தான் இருக்கிறதா? பயிற்சித்தாளை ஒரு துணைப்பாட நிலையத்தில் ஊழியராக இருந்தபோது எழுதினீர்களா? பதிப்பாளருக்கு உரிமையை எழுதிக்கொடுத்துவிட்டீர்களா? சிங்கப்பூரில் காப்புரிமைக்குப் பதிவு முறை கிடையாது. ஆகவே வரைவுகள், ஒப்பந்தங்கள், மின்னஞ்சல்கள்தான் உங்கள் சான்று. அவற்றை முதலில் ஒழுங்குபடுத்துங்கள்.

இந்தக் கட்டத்திலிருந்து வழக்கறிஞர் வேண்டும். யாரென்றே தெரியாதவர்கள்மீது வழக்குத் தொடர்வதும் முடியாத காரியமில்லை. 2022இல் ஒரு டிஜிட்டல் சொத்து வழக்கில், பெயர் தெரியாத எதிர்த்தரப்புக்கு டுவிட்டர், டிஸ்கார்ட், மின்னாணயப் பணப்பையின் செய்தி வசதி ஆகியவற்றின் வழியாகத் தாளைச் சேர்ப்பிக்க உயர் நீதிமன்றம் அனுமதித்தது. ஆனால் அது பெருந்தொகை புழங்கிய வழக்கு. 8 வெள்ளிப் பயிற்சித்தாளுக்கு அந்தப் பாதை கட்டுப்படியாகுமா என்று கணக்குப் பாருங்கள். சட்டம் நிர்ணயித்த இழப்பீட்டைக் கேட்டால் ஒரு படைப்புக்கு 10,000 வெள்ளி வரை கிடைக்கலாம். பொதுவாக மொத்தம் 200,000 வெள்ளிக்கு மேல் போகாது. இதை வைத்துச் செலவை எடைபோடலாம்.

தளமே வெளிநாட்டுத் திருட்டுத் தளமாக இருந்து, நடத்துபவரைக் கண்டுபிடிக்கவே வழியில்லை என்றால், அவரைத் தேடுவதை விட்டுவிட்டுச் சிங்கப்பூரில் அந்தத் தளத்தையே முடக்கக் கேட்பது மேல். 2018இல் 53 தளங்களை முடக்க உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஆணை இணையச் சேவை நிறுவனங்களுக்குப் போகும். தளத்தின் உரிமையாளருக்கு அறிவிக்க நியாயமான முயற்சி செய்தீர்கள் என்பதைக் காட்ட வேண்டும்.

அறிகுறி 2: முகவரி இருக்கிறது, ஆனால் கதவு திறக்கவில்லை

இது எனக்கு மிகப் பழக்கமான அறிகுறி. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளில் எத்தனையோ தளங்கள் ஏறி இறங்கியிருக்கிறேன். கதவு மூடியிருக்கும், வெளிக்கதவுக்கு முன்னால் மூன்று ஜோடி செருப்பு இருக்கும், உள்ளே தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கும் குரல் கேட்கும். அழைப்பு மணியை அழுத்தியதும் தொலைக்காட்சி நின்றுவிடும்.

நேரம் தவறாகப் போனீர்களா? வேலைநாளில் காலை 11 மணிக்கு யாரும் இருக்கமாட்டார்கள். வேலைநாளில் இரவு 8 மணிவாக்கில் ஒரு முறையும், சனிக்கிழமை காலையில் ஒரு முறையும் போங்கள். ஒவ்வொரு முறையும் வீட்டு எண் தெரியும்படி படம் எடுங்கள். செருப்பு, உலர்த்திய துணி, எரியும் விளக்கு, அஞ்சல்பெட்டியில் நிரம்பி வழியும் துண்டுப்பிரசுரங்கள் என்று கண்ணில் பட்டதை அன்றே குறித்து வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் "போன வாரம்தான் மின்தூக்கியில் பார்த்தேன்" என்று சொன்னால் அதையும் தேதியுடன் எழுதுங்கள். நேரில் கொடுக்காமல் வேறு வழியில் சேர்ப்பிக்க அனுமதி கேட்டு மனுப்போடும்போது பிரமாணப் பத்திரத்தில் போகும் சரக்கு இதுதான். கொண்டோமினியமாக இருந்து காவலர் உள்ளே விடவில்லை என்றால், அவர் சொன்னதையும் நேரத்தையும் குறியுங்கள்.

தவறான கையில் கொடுத்துவிட்டீர்களா? இதுதான் நான் அதிகம் பார்த்த பிழை. பிரதிவாதியின் அம்மா கதவைத் திறக்கிறார். "தம்பி வேலைக்குப் போயிருக்கிறான், நான் கொடுத்துவிடுகிறேன்" என்று அன்பாகச் சொல்கிறார். உறையை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சேர்ப்பித்தாயிற்று என்று வருகிறார்கள். தனிமனிதருக்கு நேரில் சேர்ப்பிப்பது என்றால் அவர் கையிலேயே பிரதியை விட வேண்டும். அம்மா, மனைவி, அறைத்தோழர் யார் வாங்கினாலும் அது கணக்கில் வராது. கதவிடுக்கில் செருகுவதும், நீங்களாக வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் அப்படித்தான். அந்த அம்மாவிடம் மகன் எப்போது வருவார் என்று கேட்டு, அந்த நேரத்துக்குத் திரும்பப் போங்கள். அங்கே குரலை உயர்த்தாதீர்கள். அவர் எந்தத் தவறும் செய்யவில்லை.

நேரில் பார்த்தும் வாங்க மறுக்கிறாரா? இது என்ன தாள் என்று சொல்லிவிட்டு, அவர் எதிரிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கையெழுத்துப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

எதிர்த்தரப்பைக் கேட்டுப் பார்த்தீர்களா? கேட்பதற்குச் செலவில்லை. அவருக்கு வழக்கறிஞர் இருந்தால், அவர் சார்பில் தாளைப் பெற்றுக்கொள்ளச் சம்மதமா என்று எழுத்தில் கேளுங்கள். இரு தரப்பும் ஒப்புக்கொண்ட முறையில் சேர்ப்பிப்பது செல்லும். முதல் எச்சரிக்கைக் கடிதத்திலேயே இதை ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

இரண்டு நியாயமான முயற்சிகளும் பலிக்கவில்லை என்றால் மாற்றுவழிச் சேர்ப்புக்கு நீதிமன்ற அனுமதி கேட்கலாம். கதவில் ஒட்டுவது, பதிவுத் தபால், மின்னஞ்சல், செய்திச் செயலி ஆகியவற்றில் எது பிரதிவாதியின் கண்ணில் படும் என்பதை நீங்கள் காட்ட வேண்டும். 2016இல் ஒரு வழக்கில் உயர் நீதிமன்றம் ஃபேஸ்புக், ஸ்கைப் போன்ற வழிகளை ஏற்றது. ஆனால் அந்தக் கணக்கு உண்மையில் அவருடையதுதான், அவர் அதை அண்மையில் பயன்படுத்தியிருக்கிறார் என்ற இரண்டையும் காட்ட வேண்டும். ஆகவே பழைய வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். சென்ற வாரம் "யாரிடம் வேண்டுமானாலும் போய்ச் சொல்" என்று அவர் அனுப்பிய செய்தி உங்களுக்கு வேதனை தரலாம். நீதிமன்றத்தில் அதுவே சான்று.

முகவரியில் அவர் இல்லவே இல்லை, வீடு கைமாறிவிட்டது என்று சந்தேகம் வந்தால், கதவில் ஒட்ட மனுப்போடுவதற்கு முன் நிலப் பதிவேட்டில் கட்டணம் கட்டி உரிமையாளரைச் சரிபாருங்கள். வேறு யாருடைய கதவிலோ ஒட்டிய தாளை வைத்துப் பெற்ற தீர்ப்பு நிலைக்காது.

அறிகுறி 3: பிரதிவாதி ஒரு நிறுவனம், வரவேற்பறையில் வாங்க மறுக்கிறார்கள்

இது சுலபமானது. பதியப்பட்ட நிறுவனமாக இருந்தால், பதிவு அலுவலக முகவரியில் விட்டுவிடலாம். அல்லது அந்த முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். நிறுவனச் சட்டமே இதற்கு இடம் தருகிறது. வரவேற்பறைப் பெண்ணுடன் வாதிட வேண்டாம். கடைக்கோ கிடங்குக்கோ போகாமல், அன்று காலை எடுத்த விவரக்குறிப்பில் உள்ள பதிவு முகவரிக்குப் போங்கள். ஆறு மாதம் முன்பு எடுத்த விவரக்குறிப்பை வைத்துப் போனவர் காலியான அலுவலகத்தைப் பார்த்துத் திரும்பினார்.

பெயருக்குப் பின்னால் "பிரைவேட் லிமிடெட்" இல்லை என்றால் நின்று பாருங்கள். தனிநபர் வணிகம் சட்டத்தில் தனி ஆள் கிடையாது. உரிமையாளருக்குத்தான் சேர்ப்பிக்க வேண்டும். அதற்கு அறிகுறி 2 பொருந்தும். ஆசிரியையின் வழக்கு இங்கேதான் வந்து நின்றது. மனுவில் இருந்த பயனர் பெயரைத் திருத்தாமல் உரிமையாளரிடம் கொடுப்பதில் பயனில்லை என்பதால் அன்று மாலையே வழக்கறிஞரிடம் அனுப்பினேன். திருத்தம் முடிந்து, கெடுவுக்கு 3 நாள் இருக்கும்போது, உட்லண்ட்சில் ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் உரிமையாளரின் கையில் தாள் போய்ச் சேர்ந்தது. அவர் 24 வயது இளைஞர். உறையைத் திறந்து முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, "அக்கா இவ்வளவு தூரம் போவார் என்று நினைக்கவில்லை" என்றாராம். அவரும் ஒரு காலத்தில் அதே ஆசிரியையிடம் படித்தவர்.

அறிகுறி 4: அவர் வெளிநாட்டில் இருக்கிறார்

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, மனு வழங்கப்பட்டபோது அவர் எங்கே இருந்தார் என்பது. வேலைக்காக ஏற்கெனவே சென்னைக்கோ ஜொகூருக்கோ குடிபெயர்ந்தவரின் பழைய தெம்பனிஸ் வீட்டுக் கதவில் ஒட்டி வேலையை முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். பொதுவாக அது எடுபடாது. வெளிநாட்டில் சேர்ப்பிக்க நீதிமன்ற அனுமதி வேண்டும். சிங்கப்பூரே இந்த வழக்குக்குப் பொருத்தமான இடம் என்று காட்ட வேண்டும். உங்களுக்குள் ஒப்பந்தம் இருந்து, சிங்கப்பூர் நீதிமன்றத்தையே இருவரும் ஏற்றிருந்தால் வேலை குறையும். ஆகவே பழைய ஒப்பந்தத்தைத் தேடிப் பாருங்கள்.

அனுமதி கிடைத்தபின் அந்த நாட்டின் வழியைப் பின்பற்ற வேண்டும். வெளிநாட்டில் நீதிமன்றத் தாள்களைச் சேர்ப்பிப்பதற்கான ஹேக் உடன்படிக்கை 2023 டிசம்பர் 1 முதல் சிங்கப்பூருக்கு நடப்பில் இருக்கிறது. இந்தியாவும் அதில் இருக்கிறது; ஆனால் தபால் வழியை இந்தியா ஏற்கவில்லை. சென்னை முகவரிக்கு நேரடியாகப் பதிவுத் தபால் அனுப்பிவிட்டு முடிந்தது என்று உட்காராதீர்கள். இந்த உடன்படிக்கைக்காக அங்கே நியமிக்கப்பட்ட மைய அதிகார அமைப்பின் வழியாகப் போக வேண்டும். மாதக்கணக்கில் ஆகலாம் என்று எடுத்துக்கொண்டு, அனுமதி கேட்கும்போதே மனுவின் செல்லுபடியையும் நீட்டிக்கக் கேளுங்கள்.

இந்த அறிகுறியை நீங்களாகச் சரிசெய்ய முயல வேண்டாம். முதல் நாளே வழக்கறிஞர்.

அறிகுறி 5: யூடியூபில் எதிர் அறிவிப்பு வந்திருக்கிறது, அல்லது வழக்கு அமெரிக்காவில்

நம் ஊர்க் குறும்பட இயக்குநர்களுக்கும் சமையல் காணொளி போடுபவர்களுக்கும் இது அடிக்கடி வரும். நீங்கள் புகார் கொடுத்தீர்கள், காணொளி அகற்றப்பட்டது, போட்டவர் அகற்றியது தவறு என்று எதிர் அறிவிப்புக் கொடுத்தார். இப்போது 10 அமெரிக்க வேலைநாட்களுக்குள் வழக்குத் தொடுத்ததற்கான சான்றை யூடியூபுக்குக் கொடுக்காவிட்டால் காணொளி திரும்பி வரலாம். பதற்றத்தில் எல்லோரும் அந்த 10 நாளை மட்டும் பார்க்கிறார்கள். எதிர் அறிவிப்பை முழுதாகப் படியுங்கள். அதில் அவர் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் இருக்க வேண்டும். புகார் கொடுத்தவரிடமிருந்து வழக்குத் தாளை ஏற்றுக்கொள்வதாகவும் அமெரிக்கச் சட்டப்படி அவர் அதில் சொல்லியிருக்க வேண்டும். யாரென்று தெரியாமல் தவித்த ஆளின் முகவரி உங்கள் மின்னஞ்சலிலேயே கிடக்கலாம்.

வழக்கு அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் இருந்தால் நாள்கணக்கு வேறு. புகார் மனு பதிவான நாளிலிருந்து 90 நாட்கள். 2015 டிசம்பருக்கு முன் 120ஆக இருந்தது. தவறினால் வழக்குத் தள்ளுபடியாகலாம். தக்க காரணம் காட்டினால் நீதிமன்றம் நீட்டிக்கும். அங்கே ஐபி முகவரியை மட்டும் வைத்து, பெயர் தெரியாதவர்மீது போடும் வழக்குகளில் இணையச் சேவை நிறுவனம் விவரம் தருவதற்குள்ளேயே இந்த 90 நாள் கரைந்துவிடுகிறது. அதனால் அவகாசத்துக்கான விண்ணப்பத்தை முன்கூட்டியே தயாராக வைத்திருப்பது அங்குள்ளவர்களின் வழக்கம். பிரதிவாதிக்கு அமெரிக்காவுக்கு வெளியே தாளைச் சேர்ப்பிக்க வேண்டியிருந்தால் 90 நாள் கெடு பொருந்தாது; ஆனாலும் சோம்பியிருக்கக் கூடாது.

அறிகுறி 6: கெடு முடியப்போகிறது, அல்லது முடிந்துவிட்டது

முடியவில்லை என்றால் இன்றே நீட்டிக்க விண்ணப்பம் போடுங்கள். ஒரு தடவைக்கு 3 மாதத்துக்கு மேல் போகாமல், சிறப்புச் சூழல் இல்லாவிட்டால் இரண்டு தடவைதான் நீட்டிப்பு கிடைக்கும். முயற்சிக் குறிப்புகள், படங்கள், தளத்துக்கு எழுதிய கடிதம் எல்லாம் இப்போது கை கொடுக்கும். குறிப்பு எதுவும் இல்லாமல் "தேடினேன், கிடைக்கவில்லை" என்று மட்டும் பத்திரத்தில் எழுதினால் நம்பவைப்பது கடினம்.

முடிந்துவிட்டது என்றால் சுவரில் ஒட்டிய மூன்றாவது தேதியைப் பாருங்கள். 6 ஆண்டு இன்னும் இருந்தால் புதிய மனுப் போடலாம். கட்டணம் மீண்டும் கட்ட வேண்டும், ஆனால் தப்பிவிட்டீர்கள். காலவரம்பும் முடிந்திருந்தால், காலாவதியான மனுவை உயிர்ப்பிப்பது மட்டுமே வழி. அங்கே வழக்கறிஞர் இல்லாமல் ஒரு வரியும் எழுதாதீர்கள்.

பல பிரதிவாதிகள் இருந்தால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கணக்கு வையுங்கள். ஒருவருக்குச் சேர்ப்பித்தது மற்றவருக்குச் சேர்ப்பித்ததாகாது.

அறிகுறி 7: சேர்ப்பித்தாயிற்று, பதிலே இல்லை

சிங்கப்பூரில் சேர்ப்பிக்கப்பட்டவர், நீங்கள் எதை, ஏன் கேட்கிறீர்கள் என்று விவரிக்கும் கோரிக்கை விவர அறிக்கை கிடைத்த 14 நாட்களுக்குள், வழக்கை எதிர்க்கிறாரா இல்லையா என்று அறிவிக்க வேண்டும். வெளிநாட்டில் என்றால் 21 நாட்கள். அந்த அறிக்கையை மனுவுடன் இணைக்காமல் விட்டிருந்தால் நாள் ஓடவே தொடங்கியிருக்காது. பதில் வராததற்கு நான் அதிகம் கண்ட எளிய காரணம் இதுதான். முதலில் உறையின் பிரதியைத் திறந்து சரிபாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்து அவர் மௌனமாக இருந்தால், எதிர்வாதம் இன்றித் தீர்ப்புக் கேட்கலாம். அதற்கு முன் சேர்ப்பித்த விவரத்தை ஒழுங்காகப் பதிய வேண்டும்: யார், எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கே, யார் கையில். இதில் ஒரு ஓட்டை இருந்தாலும் மாதங்கள் கழித்து அவர் வந்து தீர்ப்பை ரத்துசெய்யக் கேட்பார். பெரும்பாலும் அது கிடைத்தும்விடும். அம்மாவிடம் கொடுத்த உறை திரும்பி வந்து கதவைத் தட்டுவது அப்போதுதான்.

அறிகுறி 8: தாள் உங்கள் கைக்கு வந்திருக்கிறது

பிரதிவாதிகளும் என்னிடம் வருகிறார்கள். பயத்தில் உறையை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உறையின்மீது கிடைத்த நாளையும் நேரத்தையும் எழுதுங்கள். கதவில் ஒட்டியிருந்தால் கிழிக்காமல் படம் எடுங்கள். அதனுடன் நீதிமன்ற ஆணையின் பிரதி இருக்கிறதா என்று பாருங்கள். தாள் கிடைத்த நாளிலிருந்து நாட்காட்டியில் 14 நாளை எண்ணி ஒரு வட்டம், 21 நாளை எண்ணி இன்னொரு வட்டம் போடுங்கள். முதலாவது, வழக்கை எதிர்க்கிறீர்களா என்று அறிவிப்பதற்கு; இரண்டாவது, எதிர்வாதத்தைத் தாக்கல் செய்வதற்கு.

சேர்ப்பித்த முறையிலோ நீதிமன்றத்தின் அதிகாரத்திலோ குறை இருக்கிறது என்று தோன்றினால், அதைத் தொடக்கத்திலேயே எழுப்ப வேண்டும். வழக்கின் உள்ளே இறங்கி வாதாடிவிட்டுப் பிறகு சொன்னால் காலம் கடந்திருக்கும். அமெரிக்காவிலிருந்து, நேரில் சேர்ப்பிப்பதை விட்டுக்கொடுக்கும்படி ஒரு படிவம் வந்தால் அது மோசடி என்று எண்ணித் தூக்கி எறியவேண்டாம். அதற்காக உடனே கையெழுத்தும் போட வேண்டாம். கையெழுத்திட்டால், அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவருக்கு, அந்தக் கோரிக்கை அனுப்பப்பட்ட நாளிலிருந்து பதில் தர 90 நாட்கள் கிடைக்கும். அங்குள்ள நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று வாதிடும் உரிமையும் போகாது. கையெழுத்துக்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்றால் சட்ட உதவிப் பிரிவையும் இலவசச் சட்ட ஆலோசனை அமர்வுகளையும் கேளுங்கள். தனிமனிதர் தமக்காகத் தாமே வாதாடலாம். நிறுவனமாக இருந்தால் பொதுவாக வழக்கறிஞர் வேண்டும். ஆலோசனைக்குப் போகும்போது உறை, அதன்மீது நீங்கள் எழுதிய தேதி, உங்கள் அடையாள அட்டை, வழக்கில் சொல்லப்படும் இணையப் பதிவு உங்கள் கணக்கில் எப்படி வந்தது என்பதைக் காட்டும் எதுவாக இருந்தாலும் அது, எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.